ஸ்டாட்டிக்கா, ரிப்பா, ஓஎஸ்பிஎஃப்பா? நாலு கிளை வைத்திருப்பவருக்கு எது சரி

போன மாதம் இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் தக்கலைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் லேப் பார்ப்பவர். மூன்று லேயர் 3 சுவிட்ச் வந்து இறங்கியிருக்கிறது, பெட்டிகூடப் பிரிக்கவில்லை. இன்னொருவர் நாகர்கோவிலில் பெரிய கடையும் தக்கலை, மார்த்தாண்டம், குளச்சலில் கிளைகளும் உள்ள ஒரு ஜவுளிக் குடும்பத்தின் மருமகன். கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று பெயர் வாங்கிவிட்டதால், பில் மெஷினில் பேப்பர் சிக்கினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். "அண்ணே, ஸ்டாட்டிக் ரூட்டே போதுமா, ஓஎஸ்பிஎஃப் போடணுமா? யூடியூப்ல ஆளுக்கொண்ணு சொல்லுதாங்க" என்றார்.

நான் திருப்பிக் கேட்டேன்: "நடுவுல லைன் அறுந்தா உங்க சுவிட்சுக்கு அத யாரு சொல்லுவா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதி முடிவு எடுத்த மாதிரிதான். ஸ்டாட்டிக் என்பது வழியை நாம் கையால் எழுதிவைப்பது; ரிப், ஓஎஸ்பிஎஃப் இரண்டும் சுவிட்சுகள் தங்களுக்குள் பேசி வழி கண்டுபிடிக்கும் முறைகள். சரி, முறையாகப் பார்ப்போம்.

## டேபிளுக்குள் வழி எப்படி ஏறுகிறது

சாதாரண லேயர் 2 சுவிட்ச், எந்த மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள வன்பொருள் எண்) எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று மட்டும் பட்டியல் வைத்திருக்கும். லேயர் 3 சுவிட்ச் அதோடு ஒரு ரூட்டிங் டேபிளும் வைத்திருக்கும். இந்த நெட்வொர்க்குக்குப் போக வேண்டிய பாக்கெட்டை எந்தப் பக்கத்துக்காரரிடம் கொடுப்பது என்பது அதில் இருக்கும். வழிகள் மூன்று விதமாக அதில் ஏறும்.

முதலாவது கனெக்டட். விலான் 10-க்கு (விலான் என்பது ஒரு சுவிட்சுக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) 10.40.10.1 என்று ஐபி கொடுத்தால் 10.40.10.0/24 தானாக ஏறிவிடும். ஒரு நிபந்தனை உண்டு: அந்த விலானில் ஒரு போர்ட்டாவது உயிரோடு இருக்க வேண்டும். கடைசிப் போர்ட்டும் இறங்கினால் வழியும் இறங்கிவிடும். புது சுவிட்சை மேசையில் வைத்து ஐபி எல்லாம் அடித்துவிட்டு "ரூட்டைக் காணலியே" என்று தேடுகிறவர்கள் ஒரு லேப்டாப்பைச் செருகிப் பார்த்தால் போதும்.

இரண்டாவது ஸ்டாட்டிக், நாம் கையால் எழுதுவது. மூன்றாவது, பக்கத்து சுவிட்சுகளிடம் பேசித் தானே கற்றுக்கொள்வது. ரிப், ஓஎஸ்பிஎஃப் எல்லாம் இந்த வகை.

ஒரே நெட்வொர்க்குக்கு இரண்டு பேர் வழி சொன்னால் யாரை நம்புவது? அதற்கு ஒவ்வொரு வகைக்கும் ஒரு எண் உண்டு, சிறிய எண்ணுக்கே மதிப்பு. சிஸ்கோவில் கனெக்டட் 0, ஸ்டாட்டிக் 1, ஓஎஸ்பிஎஃப் 110, ரிப் 120. ஜூனிப்பரில் கணக்கு வேறு: ஸ்டாட்டிக் 5, ஓஎஸ்பிஎஃப் உள் வழி 10, ரிப் 100. இங்கே நிறையப் பேர் வழுக்குவார்கள். இந்த எண் ஒப்பிடப்படுவது இரண்டு வழிகளின் நெட்வொர்க்கும் மாஸ்க்கும் (அந்த /24 எண், அதாவது முகவரியின் முதல் எத்தனை பிட் நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்பது) அப்படியே ஒன்றாக இருந்தால்தான். ஸ்டாட்டிக்கில் 10.40.0.0/16, ஓஎஸ்பிஎஃப்பில் 10.40.30.0/24 என்று வந்தால் இரண்டும் டேபிளில் இருக்கும். 10.40.30.5-க்குப் போகிற பாக்கெட் /24 வழியாகத்தான் போகும். ஸ்டாட்டிக்குக்கு 1 இருக்கிறதே என்று சண்டை போட்டுப் பயனில்லை; மாஸ்க் எவ்வளவு நீளமோ அவ்வளவு முன்னுரிமை.

ஜெயித்த வழிகளின் நகல் சுவிட்சின் ஹார்டுவேருக்குள் போகிறது. பாக்கெட்டைத் தள்ளுவது அந்த நகல்தான், சிபியு அல்ல. ஆகவே ஹார்டுவேரில் இடம் தீர்ந்தால், அல்லது அந்த மாடலில் ஹார்டுவேர் ரூட்டிங் இயக்கப்படாமல் இருந்தால், வேலை சிபியு தலையில் விழுந்து வேகம் படுத்துவிடும். நாலு கிளைக்கு நாற்பது ரூட் வந்தாலே அதிகம், இடம் தீராது. ஆனால் இரண்டாவது சிக்கல் நிஜமானது. மைக்ரோடிக் கம்பெனியின் சிஆர்எஸ் சுவிட்ச் வரிசையில் லேயர் 3 ஹார்டுவேர் ஆஃப்லோடை இயக்காமல் விட்டு, "பத்து ஜிபி போர்ட் இருந்தும் வேகம் வரல" என்று புலம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

நான் பார்ப்பது ஐந்து விஷயம்.

முதலில், இரண்டாவது வழி உண்மையிலேயே இருக்கிறதா? ஒரே ஒரு லைன்தான் என்றால் எந்த புரோட்டோகால் போட்டாலும் அது அறுந்த பிறகு போக இடம் கிடையாது. இரண்டு லைன் இருந்தாலும் இரண்டும் ஒரே கம்பத்தில் தொங்கினால் அது ஒரு லைன்தான். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் மரமும் கம்பமும் சேர்ந்தே விழுந்தன. அந்தக் கம்பத்தில் எத்தனை ஃபைபர் கட்டியிருந்தாலும் எல்லாம் சேர்ந்துதான் போயிருக்கும். லைன் எடுத்தவரிடம் கேட்டு, எந்த ரோடு வழியாக வருகிறது என்று ஒருமுறை பைக்கில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, வழி செத்தது டேபிளுக்கு எப்படித் தெரியும், எவ்வளவு நேரத்தில்? மூன்றாவது, நாளைக்குப் புது விலான் சேர்த்தால் எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டும்? நான்காவது, நீங்கள் இல்லாத அன்றைக்கு அதைப் பார்க்கப்போவது யார்? ஐந்தாவது, கையில் இருக்கும் சுவிட்சுக்கு அதெல்லாம் தெரியுமா, லைசென்ஸ் உண்டா?

இவற்றில் இரண்டாவதுதான் மற்ற நான்கையும் தூக்கிச் சாப்பிடுவது. அதனால் அதற்குத் தனியாக ஒரு கதை.

## பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்த கதை

நாகர்கோவிலில் தலைமைக் கடையும் மார்த்தாண்டத்தில் கிளையும் உள்ள ஒரு வாடிக்கையாளர். நடுவில் வாடகை ஃபைபர். இரண்டு முனையிலும் கையடக்க மீடியா கன்வர்ட்டர், அதாவது ஃபைபர் ஒளியைக் காப்பர் சிக்னலாக மாற்றும் குட்டிப் பெட்டி. அதிலிருந்து சின்ன காப்பர் கேபிள் சுவிட்சுக்கு. மாற்று வழியாக பிராட்பேண்ட் மேல் ஒரு விபிஎன் (இன்டர்நெட்டுக்குள்ளேயே போடும் பூட்டிய தனி வழி). நான்தான் செய்துகொடுத்தேன். ஃபைபர் வழிக்கு ஒரு ஸ்டாட்டிக் ரூட். விபிஎன் வழிக்கு இன்னொன்று, அதற்கு மதிப்பு எண் 200, அதாவது முதல் வழி டேபிளிலிருந்து இறங்கினால்தான் இது ஏறும். பேப்பரில் அழகாக இருந்தது.

ஓணத்துக்கு இரண்டு நாள் முன்னால் மார்த்தாண்டம் கிளையில் பில்லிங் நின்றுவிட்டது. கடைக்குள் நிற்க இடமில்லாத கூட்டம். பைக்கை எடுத்துக்கொண்டு தக்கலை டிராஃபிக்கைத் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் எனக்கு மூன்று போன். ரேக்கைத் திறந்தால் சுவிட்சில் ஃபைபர் போர்ட் பச்சையாக எரிகிறது. ஸ்டோர் பார்க்கிற பெரியவர், "பச்ச எரியுதுல்லா மக்களே, பெறவு லைன என்னத்துக்குக் கொற சொல்லணும்?" என்றார். நியாயமான கேள்விதான்.

கன்வர்ட்டரைக் குனிந்து பார்த்தேன். காப்பர் பக்க விளக்கு எரிகிறது, ஃபைபர் பக்க விளக்கு அணைந்து கிடக்கிறது. எங்கேயோ ரோடு தோண்டியதில் ஃபைபர் போயிருக்கிறது. ஆனால் சுவிட்ச் பார்ப்பது கன்வர்ட்டரின் காப்பர் பக்கத்தை மட்டும்தான். அதற்குக் கரண்ட் இருக்கும்வரை போர்ட் பச்சை. போர்ட் பச்சையாக இருக்கும்வரை ஸ்டாட்டிக் ரூட் டேபிளில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும். 200 போட்டு வைத்த மாற்று வழி கடைசிவரை விழிக்கவே இல்லை. கன்வர்ட்டரின் கரண்டை உருவினேன். போர்ட் இறங்கியது, ஓரிரு நொடியில் விபிஎன் ரூட் ஏறியது, நாகர்கோவில் முனையிலும் அதையே செய்யச் சொன்னதும் பில் அடிக்க ஆரம்பித்தது. வரும்போது ஒரு டீயும் பழம்பொரியும் கிடைத்தது என்பதைத் தவிர அன்றைக்குப் பெருமைப்பட எனக்கு ஒன்றுமில்லை.

சில கன்வர்ட்டர்களில் பக்கவாட்டில் குட்டி டிப் சுவிட்ச் இருக்கும். அதைத் தள்ளிவிட்டால் ஃபைபர் பக்கம் இறங்கியதும் காப்பர் பக்கத்தையும் தானே இறக்கிவிடும். வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். அதைவிட நல்லது, கன்வர்ட்டரையே ஒழித்துவிட்டு சுவிட்சில் நேராக எஸ்எஃப்பி (ஃபைபரைச் செருகும் குட்டி மாட்யூல்) மாட்டுவது. இனி ஒவ்வொரு முறையையும் இந்தக் கதைக்குள் வைத்துப் பார்ப்போம்.

## முதல் தேர்வு: எதுவும் வேண்டாம்

ஒரே வளாகம், நடுவில் ஒரு சுவிட்ச் மட்டும் ரூட்டிங் செய்கிறது என்றால் கனெக்டட் வழிகளும், இன்டர்நெட் பக்கம் கைகாட்டும் ஒரு டீஃபால்ட் ரூட்டும் போதும். மற்ற சுவிட்சுகள் லேயர் 2-ஆகவே இருக்கட்டும். லேயர் 3 சுவிட்ச் வாங்கிவிட்டோமே என்பதற்காக எல்லாவற்றிலும் ரூட்டிங் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

மறைந்திருக்கும் செலவு ஒன்று: ஃபயர்வாலில் உள் நெட்வொர்க்குகளுக்குத் திரும்பி வரும் வழியை எழுத வேண்டும். பாக்கெட் போகிற வழியை எல்லோரும் எழுதுவார்கள். அது திரும்பி வர வேண்டுமே என்ற நினைப்பு மத்தியானத்துக்கு மேல்தான் வரும்.

## ஸ்டாட்டிக்

இதைப் பழைய பாணி என்று இளக்காரமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. எழுதியது எழுதியபடி நிற்கும். யாரோடும் பேசாது, யார் பேச்சையும் கேட்காது. மாணவர் ஒருவர் வீட்டிலிருந்து ரூட்டர் கொண்டுவந்து செருகினாலும் உங்கள் டேபிள் அசையாது. ரேடியோ லிங்க் மழையில் நிமிடத்துக்கு ஒருமுறை விட்டு விட்டு வந்தாலும் டேபிளில் கலவரம் இருக்காது. லைசென்ஸ் பிரச்சினையும் குறைவு: சிஸ்கோவின் பழைய 2960 சுவிட்சில்கூட எஸ்டிஎம் டெம்பிளேட்டை (ஹார்டுவேரில் எதற்கு எவ்வளவு இடம் என்ற அமைப்பை) மாற்றி ரீலோடு செய்தால் 16 ஸ்டாட்டிக் ரூட் வரை எழுதலாம்.

ஸ்டாட்டிக் கசப்பது புது நெட்வொர்க் சேர்க்கும்போது. குளச்சலில் சிசிடிவிக்கு 10.40.30.0/24 என்று ஒன்று சேர்த்தால் மற்ற மூன்று இடத்திலும் அதற்கு ஒரு வரி எழுத வேண்டும். இதற்கு மருந்து முகவரித் திட்டம். நாகர்கோவிலுக்கு 10.10.0.0/16, தக்கலைக்கு 10.20, மார்த்தாண்டத்துக்கு 10.30, குளச்சலுக்கு 10.40 என்று முதல் நாளிலேயே பிரித்துவிடுங்கள். ஒரு கிளைக்கு ஒரு வரி. உள்ளே எத்தனை விலான் சேர்த்தாலும் வெளியே யாரையும் தொட வேண்டியதில்லை.

இந்த மருந்துக்கு ஒரு பக்க விளைவு உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். நாகர்கோவில் சுவிட்சில் "10.40.0.0/16 குளச்சலுக்கு" என்று எழுதியிருக்கிறது. குளச்சல் சுவிட்சில் "எனக்குத் தெரியாதது எல்லாம் நாகர்கோவிலுக்கு" என்று டீஃபால்ட் ரூட். இப்போது வைரஸ் பிடித்த ஒரு மெஷின், இல்லாத முகவரியான 10.40.99.7-ஐத் தேடுகிறது. நாகர்கோவில் அதைக் குளச்சலுக்குத் தள்ளும். குளச்சலில் அப்படி ஒரு விலான் இல்லை, அதனால் டீஃபால்ட்படி நாகர்கோவிலுக்கே திருப்பும். டிடிஎல் (பாக்கெட் இன்னும் எத்தனை சுவிட்சைத் தாண்டலாம் என்ற எண்) தீரும்வரை பந்து விளையாட்டுதான். விண்டோஸ் பாக்கெட் என்றால் 128-ல் தொடங்கும். ரேடியோ லிங்க் காரணமே தெரியாமல் நிரம்பி வழியும். குளச்சல் சுவிட்சில் 10.40.0.0/16-ஐ நல் இன்டர்ஃபேஸுக்கு ஒரு ஸ்டாட்டிக் எழுதிவிட்டால் சரி. பெயர்தான் நல், வேலை குப்பைக்கூடை: இல்லாத முகவரிக்கு வந்தது எல்லாம் அங்கேயே விழுந்துவிடும். இருக்கும் விலான்களுக்கு /24 உண்டு, அவை நீளமான மாஸ்க் என்பதால் பாதிக்காது.

அப்புறம் அந்தப் பச்சை விளக்கு. ஸ்டாட்டிக் ரூட்டுக்குக் கண் கிடையாது. போர்ட் இறங்கினால் மட்டும் அதற்குத் தெரியும். அதிலும் ஒரு உள்குத்து: கிளை லைனை விலான் இன்டர்ஃபேஸாகப் போட்டு, அதே விலான் பல விலான்களைச் சுமக்கும் வேறொரு டிரங்க் போர்ட்டிலும் ஓடினால், லைன் போர்ட்டே இறங்கினாலும் விலான் உயிரோடு இருக்கும், ரூட்டும் அப்படியே இருக்கும். கிளை லைனை எப்போதும் தனி ரூட்டட் போர்ட்டாக (விலான் இல்லாமல் போர்ட்டுக்கே நேராக ஐபி கொடுத்து) போடுங்கள்.

கண் வேண்டுமென்றால் பிங் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும் பாக்கெட்) வைத்துக் கண்காணிக்கும் வசதியை ஸ்டாட்டிக்கோடு கட்ட வேண்டும். பத்து நொடிக்கு ஒரு பிங், மூன்று தவறினால் வழியை இறக்கு என்று வைத்தால் அரை நிமிடத்தில் மாறிவிடும். பிங் போக வேண்டியது எதிர்முனையின் லிங்க் முகவரிக்கு. அது அந்த லைன் வழியாக மட்டுமே போகும் என்பதால் பொய் சொல்லாது. இன்டர்நெட் லைனைக் கண்காணிக்க 8.8.8.8-க்கு பிங் வைப்பது வழக்கம். அதற்கு அந்த ஐஎஸ்பி (இன்டர்நெட் கம்பெனி) வழியாக, அந்த ஒரே முகவரிக்கு மட்டும் ஒரு /32 ஸ்டாட்டிக் எழுதிக் கட்டிப்போட வேண்டும். இல்லாவிட்டால் லைன் செத்ததும் பிங் மாற்று வழியாகப் போய் "உயிரோடு இருக்கிறது" என்று சொல்லும், வழி மாறி மாறித் துடிக்கும். கட்டிப்போட்டால் இன்னொரு தொல்லை: கடையில் டிஎன்எஸ்ஸும் (இணையப் பெயரை ஐபி முகவரியாக்கும் சேவை) 8.8.8.8 என்று இருந்தால் லைன் செத்த நேரம் டிஎன்எஸ்ஸும் சேர்ந்து சாகும். டிஎன்எஸ்ஸாகப் பயன்படுத்தாத முகவரியைத் தேர்ந்தெடுங்கள்.

ஸ்டாட்டிக் சரி என்கிற இடம்: நட்சத்திர வடிவம், கிளைக்கு ஒரு லைன், முகவரித் திட்டம் ஒழுங்கு, ஆறேழு கிளைக்குள். எழுதிய ரூட்டையெல்லாம் ஒரு தாளில் அச்சடித்து ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். எழுதியவர் வளைகுடாவுக்குப் போய்விட்டால் அந்தத் தாள்தான் பேசும். நம்ம ஊரில் இது அடிக்கடி நடக்கிற விஷயம்.

## ரிப்

பக்கத்துக்காரன் சொன்னதை நம்பி வழி போவது. ஒவ்வொரு சுவிட்சும் 30 நொடிக்கு ஒருமுறை தன் டேபிளைப் பக்கத்து சுவிட்சுக்குச் சொல்லும். 180 நொடி ஒரு வழியைப் பற்றிப் பேச்சே வரவில்லை என்றால் அது செத்ததாகக் கணக்கு. 15 தாவலுக்கு (ஒரு சுவிட்சிலிருந்து அடுத்ததற்குப் போவது ஒரு தாவல்) மேல் கிடையாது, 16 என்றால் போக முடியாத இடம். ரிப்பின் முதல் பதிப்பு இன்டர்நெட் ஆவணமான ஆர்எஃப்சி 1058-ஆக வந்தது 1988-ல், மாஸ்க்கையும் சேர்த்துச் சொல்லும் இரண்டாம் பதிப்பின் ஆர்எஃப்சி 2453 வந்தது 1998-ல். இன்றைக்கும் மலிவான சுவிட்சுகளின் அட்டைப்பெட்டியில் "டைனமிக் ரூட்டிங் உண்டு" என்று போட்டிருந்தால் அநேகமாக இதுதான்.

பச்சை விளக்குக் கதையில் ரிப் இருந்திருந்தால் மூன்று நான்கு நிமிடத்தில் தானே மாறியிருக்கும். ஸ்டாட்டிக்கைவிடத் தேவலை. ஆனால் அதற்குத் தாவல் எண்ணிக்கை மட்டும்தான் தெரியும், வேகம் தெரியாது. நாகர்கோவிலிலிருந்து குளச்சலுக்கு 30 எம்பி ரேடியோ நேராக ஒன்று, தக்கலை சுற்றி 1 ஜிபி ஃபைபர் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிப் ரேடியோவைத்தான் பிடிக்கும், ஏனென்றால் நடுவில் தக்கலை இல்லை. தாவலைக் கூட்டிச் சொல்லச் சொல்லி ஏமாற்றலாம்தான். அந்த அளவுக்கு உட்கார்ந்து மெனக்கெடுகிறவர் ஓஎஸ்பிஎஃப்பே போட்டுவிடலாம்.

ரிப் சரி என்கிற இடம்: சுவிட்சுக்கு வேறெதுவும் தெரியாதபோது. வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

## ஓஎஸ்பிஎஃப்

இதில் யாரும் யாருக்கும் "இந்த வழி போ" என்று சொல்வதில்லை. ஒவ்வொரு சுவிட்சும் "எனக்கு இன்னாரெல்லாம் பக்கத்தில், இந்தச் செலவில்" என்று மட்டும் அறிவிக்கும். அந்த அறிவிப்பு எல்லோருக்கும் அப்படியே போய்ச் சேரும். எல்லோர் கையிலும் ஒரே வரைபடம். அதில் தனக்குக் குறைந்த செலவு வழியை ஒவ்வொருவரும் தானே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். கணக்கு டச்சுக் கணினி அறிஞர் டெய்க்ஸ்ட்ராவுடையது. குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே 1956-ல் அவர் அதைக் கண்டுபிடித்து, 1959-ல் வெளியிட்டார். இன்று பரவலாக ஓடும் ஓஎஸ்பிஎஃப் இரண்டாம் பதிப்பின் ஆர்எஃப்சி 2328 வந்தது 1998-ல்.

டேபிளை உயிரோடு வைத்திருப்பது ஹலோ பாக்கெட். ஈத்தர்நெட்டில் 10 நொடிக்கு ஒன்று. 40 நொடி சத்தமில்லை என்றால் பக்கத்துக்காரர் போய்விட்டார். பச்சை விளக்கு எரிந்தால் எரியட்டும், எதிர்முனையிலிருந்து ஹலோ வரவில்லையே! 40 நொடியில் வழி மாறியிருக்கும், நான் டீ குடிக்கப் போயிருக்க வேண்டியதில்லை. அதுவும் நீளம் என்றால் பிஎஃப்டி என்று ஒன்று உண்டு. 300 மில்லி நொடிக்கு ஒரு தட்டு, மூன்று தவறினால் முடிவு; ஒரு நொடிக்குள் தெரிந்துவிடும். உங்கள் சுவிட்சில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

புது விலான் சேர்த்தால் அந்த ஒரு சுவிட்சில் மட்டும் வேலை. மற்றவர்களுக்குச் சேதி தானே போகும்.

இனி இதன் மறைவான செலவுகள். நான் ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒருமுறை மாட்டியிருக்கிறேன்.

செலவுக் கணக்கு சிஸ்கோவில் 100 எம்பியை அடிப்படையாக வைத்துத் தொடங்குகிறது. 100 எம்பி, 1 ஜிபி, 10 ஜிபி மூன்றுக்கும் செலவு 1 என்றே வரும். எல்லா சுவிட்சிலும் அடிப்படையை 1,00,000 எம்பி என்று மாற்றினால் 10 ஜிபிக்கு 10, 1 ஜிபிக்கு 100 என்று பிரியும். மாற்றினால் எல்லாவற்றிலும் மாற்ற வேண்டும், ஒன்றை விட்டாலும் கணக்கு கோணும். அது சரியானாலும் ரேடியோ ஏமாற்றும். ஆன்டெனா 30 எம்பிதான் தள்ளும், ஆனால் சுவிட்சில் அது செருகியிருப்பது ஜிபி போர்ட். ஓஎஸ்பிஎஃப் போர்ட்டைப் பார்த்து 1 ஜிபி என்று நம்பி, ரிப் செய்த அதே தப்பைச் செய்யும். ரேடியோ போர்ட்டுக்குச் செலவைக் கையால் எழுதுங்கள், இரண்டு முனையிலும்.

அடுத்து எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. ஒரு முனையில் 1500, மறுமுனையில் 9000 என்றால் ஹலோ போய் வரும், பக்கத்துக்காரர் தெரிவார், ஆனால் வரைபடத்தைப் பரிமாறத் தொடங்கும் எக்ஸ்டார்ட் நிலையிலேயே மாட்டிக்கொண்டு நிற்பார். பிங் போகிறது, ரூட் வரவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள். இன்னொன்று, ஒரு சுவிட்சின் கான்ஃபிக்கை அப்படியே அடுத்ததில் ஒட்டுவது. ரூட்டர் ஐடியும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் வரைபடம் எப்படி நிலைக்கும்?

பயனர்கள் இருக்கும் விலான்களை பாசிவ் ஆக்காமல் விட்டால், சுவிட்ச் அங்கேயும் ஹலோ சொல்லிக்கொண்டிருக்கும். யாராவது பதில் ஹலோ சொல்லி "இன்டர்நெட் என் வழியாக" என்று அறிவித்தால் மொத்தக் கிளையும் அவர் பின்னால் போகும். பாசிவ், அப்புறம் லிங்குகளில் பாஸ்வேர்டு, இரண்டும் முதல் நாள் வேலை. நம்ம மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனிலும் நவம்பரிலும் ரேடியோ லிங்க் துடிக்கும்போது ஒவ்வொரு துடிப்புக்கும் வழி மாறி மாறி, ஐபி போனில் பேசுகிறவர்கள் திட்டுவார்கள். லிங்கைச் சரிசெய்ய வேண்டுமே தவிர புரோட்டோகாலைக் குறை சொல்ல முடியாது. இருந்தாலும் அந்த நேரத்தில் ஸ்டாட்டிக் சுகம் என்று தோன்றத்தான் செய்யும்.

பெரிய செலவு ஆள். ஸ்டாட்டிக்கைப் படிக்க அரை நாளில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஓஎஸ்பிஎஃப் பக்கத்துக்காரர் நிலை என்னவென்று பார்க்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லையென்றால், நின்றுபோன அன்றைக்கு நாகர்கோவிலிலிருந்து யாராவது வரவேண்டும். லைசென்ஸும் உண்டு: பல கம்பெனிகள் அடிப்படை மாடலில் ஸ்டாட்டிக்கும் ரிப்பும் மட்டும் தந்துவிட்டு ஓஎஸ்பிஎஃப்புக்கு மேல் லைசென்ஸ் கேட்கும். வாங்குமுன் விலைப்பட்டியலில் லைசென்ஸ் வரியைத் தனியாகப் படியுங்கள்.

ஓஎஸ்பிஎஃப் சரி என்கிற இடம்: உண்மையான இரண்டாவது வழி இருக்கிறது, சுவிட்சுகள் வெவ்வேறு கம்பெனி, அடிக்கடி விலான் சேர்கிறது, பார்க்க ஆள் உண்டு. நாலு கிளைக்கு ஏரியா 0 ஒன்றே போதும் (ஏரியா என்பது ஒரே வரைபடத்தைப் பகிரும் குழு). ஏரியா பிரிக்கிற பேச்சை இப்போது எடுக்காதீர்கள்.

## மற்றவை, சுருக்கமாக

இஐஜிஆர்பி என்ற ரூட்டிங் முறை சிஸ்கோவின் பிள்ளை. 2016-ல் ஆர்எஃப்சி 7868-ஆக வெளியே விட்டார்கள், ஆனாலும் மற்றவர்கள் பெரிதாகத் தொடவில்லை. எல்லாம் சிஸ்கோ, இனியும் சிஸ்கோதான் என்றால் யோசிக்கலாம். பிஜிபி (வெவ்வேறு நிறுவனங்களின் நெட்வொர்க்குகள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ளும் முறை) உங்களுக்குத் தேவைப்படுவது ஐஎஸ்பி தன் நெட்வொர்க் வழியாகக் கிளைகளை இணைக்கும் எம்பிஎல்எஸ் லைன் கொடுத்து "எங்களோடு பிஜிபி பேசுங்கள்" என்று சொன்னால், அல்லது சொந்த ஏஎஸ் எண்ணும் (இன்டர்நெட்டில் உங்கள் நெட்வொர்க்கின் அடையாள எண்) முகவரியும் இந்தியாவின் முகவரிப் பதிவகமான ஐரின்னில் வாங்கியிருந்தால். இரண்டு பிராட்பேண்ட் இருப்பதற்காக பிஜிபி கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அதற்கு பிங் கட்டிய இரண்டு டீஃபால்ட் ரூட் போதும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| முறை | போர்ட் இறங்கினால் | போர்ட் பச்சையாக, நடுவில் அறுந்தால் | புது விலான் சேர்த்தால் | கவனிக்காமல் விடும் செலவு |
|---|---|---|---|---|
| ஸ்டாட்டிக் | உடனே வழி இறங்கும் | ஆள் வந்து பார்க்கும்வரை தெரியாது | எல்லா சுவிட்சிலும் வேலை. /16 திட்டம் இருந்தால் இல்லை | திரும்பும் வழி, நல் ரூட், எழுதியவர் போய்விடுவது |
| ஸ்டாட்டிக் + பிங் | உடனே | நீங்கள் வைத்த இடைவெளி, சுமார் 30 நொடி | அதே | பிங் எங்கே போகிறது என்பது, லைசென்ஸ் |
| ரிப் | சில நொடியிலிருந்து சில நிமிடம் வரை | 180 முதல் 240 நொடி | ஒரு சுவிட்சில் மட்டும் | வேகம் தெரியாது |
| ஓஎஸ்பிஎஃப் | சில நொடிக்குள் | 40 நொடி | ஒரு சுவிட்சில் மட்டும் | ரேடியோ செலவு, எம்டியு, பாசிவ், ஆள், லைசென்ஸ் |
| ஓஎஸ்பிஎஃப் + பிஎஃப்டி | சில நொடிக்குள் | ஒரு நொடிக்குள் | ஒரு சுவிட்சில் மட்டும் | மேலே உள்ளதோடு, எல்லா மாடலிலும் கிடையாது |

நொடிக் கணக்கெல்லாம் சிஸ்கோவின் வழக்கமான அமைப்பில்.

## அந்த இரண்டு பேருக்கும்

கல்லூரிக்காரருக்கு: மூன்று பிளாக்கும் ஒரே காம்பவுண்டு. நடு பிளாக் சுவிட்சில் மட்டும் ரூட்டிங், மற்ற இரண்டும் லேயர் 2. ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஃபைபர் இழுத்து எல்ஏசிபி (இரண்டு லைனை ஒன்றாகச் சேர்க்கும் முறை) கட்டுங்கள். வேக டைமர் வைத்தால் நடுவில் ஒன்று அறுந்தாலும் 3 நொடியில் மற்றதுக்கு மாறிவிடும். ரூட்டிங் பக்கமே போக வேண்டாம். பிள்ளைகளுக்கு ஓஎஸ்பிஎஃப் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் பாக்கெட் டிரேசர் என்ற பயிற்சி மென்பொருளில் செய்யட்டும், கல்லூரி நெட்வொர்க்கில் வேண்டாம்.

மருமகனுக்கு: நாகர்கோவில், தக்கலை, குளச்சல் மூன்றும் முக்கோணம், இரண்டு பக்கம் ஃபைபர், ஒரு பக்கம் ரேடியோ. நடுவில் கன்வர்ட்டர் இருக்கிறது. இது ஓஎஸ்பிஎஃப்புக்கென்றே அமைந்த இடம். மார்த்தாண்டம் தக்கலையிலிருந்து ஒற்றை லைனில் தொங்குகிறது. அதற்கு மட்டும் ஸ்டாட்டிக் போட்டாலும் குறையில்லை, ஆனால் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எதற்கு, அதையும் ஏரியா 0-வில் சேர்த்துவிடுங்கள் என்றேன். "எனக்கு ஓஎஸ்பிஎஃப் படிக்க நேரமில்ல அண்ணே" என்றால் /16 திட்டத்தோடு ஸ்டாட்டிக்கும் பிங் கண்காணிப்பும் போடலாம், அதுவும் அவமானம் ஒன்றுமில்லை. படிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

எதைப் போட்டாலும் சோதித்துப் பார்க்கும் விதம் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்த பிறகு ஒரு லேப்டாப்பில் நிற்காமல் பிங் ஓடவிடுங்கள். சுவிட்சில் கேபிளை உருவ வேண்டாம், அதை எல்லா முறையும் பாஸ் செய்துவிடும். எதிர்முனைக் கன்வர்ட்டரில் ஃபைபரை மட்டும் உருவுங்கள். சுவிட்ச் போர்ட் பச்சையாக எரிகிறதா என்று பார்த்துக்கொண்டு, எத்தனை நொடி பிங் தவறுகிறது என்று எண்ணுங்கள். நாற்பதைத் தாண்டியும் எண்ணிக்கொண்டே இருந்தால் போன் பண்ணுங்கள்.